மல்லிகாவுக்கு, நீ கேட்டதற்கெல்லாம் பதில்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு மலக்குடலில் புற்றுநோய் என்று படித்ததிலிருந்து வேறு எதிலும் மனசு ஓடவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்கு முன்னால் இன்னும் சில பரிசோதனைகள் பாக்கி இருக்கின்றன என்று எழுதியிருக்கிறாய், அது ஒருவிதத்தில் நல்லதுதான், ஏன் என்று சொல்கிறேன். "புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டது என்று வாரத்துக்கு ஒரு செய்தி போடுகிறார்களே, அதில் ஒன்றாவது உண்மையா?" என்று கேட்டிருந்தாய். உண்மையான செய்தியும் இருக்கிறது, அதிலும் ஒன்று அண்ணனுக்கு வந்திருக்கிற அதே இடத்துப் புற்றுநோயைப் பற்றியது. ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தாது, அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஆண்ட்ரியா செர்செக், லூயிஸ் டியாஸ் ஆகியோரின் குழு 2022 ஜூனில் ஒரு முடிவை வெளியிட்டது. மலக்குடல் புற்றுநோய் உள்ள 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு மாதம், ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். அது முடிந்ததும் கீமோவும் ரேடியேஷனும், கடைசியில் ஆபரேஷன் என்பதுதான் திட்டம். அந்தக் கட்டத்துக்கே போக வேண்டியிருக்கவில்லை. எம்.ஆர்.ஐ.யில் கட்டி இல்லை, பெட் ஸ்கேனில் இல்லை, கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்த்தால் இல்லை, விரலால் தொட்டுப் பார்த்தாலும் இல்லை, அந்த இடத்திலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தாலும் இல்லை. 12 பேருக்கும் இதே கதை. 2025 ஏப்ரலில் அதே குழு இன்னும் பெரிய கணக்கைக் கொடுத்தது: மலக்குடல் புற்றுநோய்க்காரர்கள் 49 பேர் சிகிச்சையை முடித்தார்கள், 49 பேருக்கும் கட்டி மறைந்திருந்தது. இரைப்பை, பெருங்குடல் என்று வேறு இடங்களில் வந்தவர்கள் 54 பேரில் 35 பேருக்கு மறைந்தது.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்றால், மலக்குடல் ஆபரேஷன் உயிரைக் காப்பாற்றினாலும் அதற்கு நிறைய விலை கேட்கும். சிலருக்கு ஆயுள் முழுக்க வயிற்றில் பை மாட்டிக்கொண்டு இருக்க வேண்டிவரும், ரேடியேஷனில் குழந்தை பெறும் வாய்ப்பு போகும், தாம்பத்தியம் பாதிக்கும், இதையெல்லாம் நோயாளிகள் வெளியே சொல்வதுகூட இல்லை. அந்த விலை எதுவும் கொடுக்காமல் ஒருத்தர் வீட்டுக்குப் போகிறார் என்பது சாதாரண விஷயமா சொல்லு.

சரி, யாருக்குப் பொருந்தும்? செல் பிரியும்போது டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது, அதில் விழுகிற பிழைகளைத் திருத்துவதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. சில கட்டிகளில் அந்தப் புரதங்கள் வேலை செய்வதில்லை, பிழைகள் குவிகின்றன, கட்டியின் செல்களில் உடம்புக்குப் பழக்கமில்லாத விசித்திரப் புரதங்கள் நிறைய உண்டாகின்றன. அப்படிப்பட்ட கட்டியை நோய் எதிர்ப்பு டி-செல்கள் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளும், ஆனால் அவற்றின் மேல் இருக்கும் பி.டி-1 என்ற தடுப்பைப் பிடித்து கட்டி அவற்றை அடக்கி வைத்திருக்கும். டோஸ்டார்லிமாப் அந்தப் பிடியை விடுவிக்கிறது, அவ்வளவுதான் அது செய்வது. (இந்த மாதிரித் தடுப்புகளை விலக்கிப் புற்றுநோயை எதிர்க்கும் வழியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.) மேலே சொன்ன 12 பேரும் 49 பேரும் இந்த வகைக் கட்டிக்காரர்கள்தான். மலக்குடல் புற்றுநோயில் இந்த வகை நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரைதான். மீதி 90, 95 பேருக்கு இந்த மருந்தைத் தனியாகக் கொடுத்து இப்படி ஒரு பலனை எதிர்பார்க்க முடியாது. அதனால் அண்ணனுடைய மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடு: பயாப்சியில் எம்.எம்.ஆர். அல்லது எம்.எஸ்.ஐ. சோதனை (அந்தப் பிழைதிருத்தும் புரதங்கள் வேலை செய்கின்றனவா என்று காட்டுவது) செய்தாயிற்றா, முடிவு என்ன என்று. செய்யவில்லை என்றால் சிகிச்சை தொடங்கும் முன் செய்யச் சொல்லு. அந்த ஐந்து, பத்துக்குள் அண்ணன் இல்லை என்று தெரிந்தால் மனசு விட்டுவிடாதே, அவருக்கு இருக்கிற வழக்கமான சிகிச்சையும் நன்றாக வேலை செய்கிற சிகிச்சைதான்.

நான் இப்போதெல்லாம் இந்த மாதிரிச் செய்திகளைப் படிக்கும்போது, எத்தனை பேர், எந்த மாதிரி நோயாளிகள், எவ்வளவு காலம் பின்தொடர்ந்து பார்த்தார்கள், சரியாகாதவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தேடுகிறேன். இது நான்கும் இருந்தால் 12 பேர் கணக்கையும் நம்புகிறேன், இல்லாவிட்டால் ஆயிரம் பேர் என்று போட்டிருந்தாலும் தாண்டிப் போய்விடுகிறேன்.

ஒரே ஒரு குழந்தையின் கதையிலிருந்து ஒரு சிகிச்சையே எழுந்து நின்றதும் உண்டு. எமிலி வைட்ஹெட் என்ற சிறுமிக்கு ரத்தப் புற்றுநோய், கீமோ கொடுத்தும் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. 2012-ல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் அவளுடைய டி-செல்களையே வெளியே எடுத்து, புற்றுநோய்ச் செல்லை அடையாளம் காணும்படி மரபணுவை மாற்றி, திரும்ப ஏற்றினார்கள். கார்-டி என்கிறார்களே, அதுதான். அந்தச் செல்கள் வேலையை ஆரம்பித்ததும் குழந்தைக்குக் கடும் காய்ச்சல், ரத்த அழுத்தம் விழுந்து, மூச்சுக்கு மெஷின் வைத்து, பிழைப்பாளா என்ற நிலைமை. ரத்தப் பரிசோதனையில் ஐ.எல்-6 என்ற புரதம் தாறுமாறாக ஏறியிருப்பது தெரிந்தது. ஆராய்ச்சியை நடத்திய கார்ல் ஜூனின் மகளுக்குச் சின்ன வயதிலேயே மூட்டுவாதம், அதனால் டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்து அந்தப் புரதத்தைத்தான் தடுக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைக் கொடுத்தார்கள், சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. அவள் இன்று பெரியவளாகிவிட்டாள், நோய் திரும்பவில்லை. தன் பிள்ளையின் நோய்க்காக ஒரு தகப்பன் தெரிந்துவைத்திருந்த மருந்து யாரோ பெற்ற குழந்தையைக் காப்பாற்றியதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கிவிடும்.

அப்புறம் உன் விஷயம். அக்கா கொடுத்த சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் உடம்பு அதை நிராகரிக்காமல் இருக்கக் காலையும் ராத்திரியும் டக்ரோலிமஸ் மாத்திரை விழுங்கி விழுங்கி அலுத்துவிட்டது, கை நடுங்குகிறது, சளி பிடித்தாலே பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். யோசித்துப் பார், அண்ணனுக்கு எந்த டி-செல்லைத் தட்டி எழுப்ப வேண்டுமோ, அதே டி-செல்லைத்தான் உனக்கு அடக்கி வைக்க வேண்டியிருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு எதிரெதிர் தேவை. 2025-ல் மருத்துவ நோபல் யாருக்குக் கொடுத்தார்கள் என்று பார்த்தாயா? மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி. மற்ற டி-செல்கள் சொந்த உடம்பைத் தாக்காமல் கட்டுப்படுத்துகிற தனிவகை டி-செல்கள் இருக்கின்றன என்று சகாகுச்சி 1995-ல் எலிகளில் காட்டினார், அப்போது நம்பியவர்கள் குறைவு. மற்ற இருவரும் 2001-ல் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், அந்த மரபணுதான் இந்தச் செல்களை உருவாக்குகிறது என்று பிற்பாடு தெளிவாயிற்று. புற்றுநோய்க் கட்டிகள் இந்தச் செல்களைத் தங்களைச் சுற்றிச் சேர்த்துவைத்துக்கொண்டு தப்பிக்கின்றன, அதனால் அங்கே இவற்றை விலக்கப் பார்க்கிறார்கள். மாற்று உறுப்பு வைத்தவர்களுக்கோ இதே செல்களை அவர்கள் ரத்தத்திலிருந்து எடுத்து, பெருக்கி, திரும்ப ஏற்றிப் பார்க்கிறார்கள், மாத்திரையைக் குறைக்க முடியுமா என்று. இன்னொரு வழியும் உண்டு: சிறுநீரகம் கொடுத்தவருடைய எலும்பு மஜ்ஜையையோ ஸ்டெம் செல்லையோ சேர்த்துக் கொடுப்பது. பாஸ்டனிலும் ஸ்டான்ஃபோர்டிலும் அப்படிச் செய்துகொண்ட சிலர் பல வருடமாக மாத்திரை இல்லாமலே இருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு நீயாக ஒரு வேளை மாத்திரையைக்கூட விட்டுவிடாதே, உன்னைத் தெரிந்ததால் சொல்கிறேன்.

பன்றிச் சிறுநீரகம் பற்றிக் கேட்டாய். 2024 மார்ச்சில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரிச்சர்ட் ஸ்லேமேன் என்ற 62 வயதுக்காரருக்கு வைத்தார்கள். அந்தப் பன்றியின் மரபணுவில் 69 மாற்றங்கள். நம் உடம்பு உடனே எதிர்க்கிற சர்க்கரைப் பொருள்களை உண்டாக்கும் பன்றி மரபணுக்களை நீக்கி, மனித மரபணுக்கள் சிலவற்றைச் சேர்த்து, பன்றியின் மரபணுவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் வைரஸ்களைச் செயலிழக்கச் செய்திருந்தார்கள். ரத்தக்குழாயை இணைத்துக் கவ்வியை எடுத்ததும் அந்தச் சிறுநீரகம் இளஞ்சிவப்பாக மாறியது, மேஜையிலேயே சிறுநீர் வர ஆரம்பித்தது, ஆபரேஷன் அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்களாம். உனக்கு ஆபரேஷன் முடிந்து சிறுநீர் வந்துவிட்டது என்று நர்ஸ் வெளியே வந்து சொன்னபோது நாங்கள் எப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியும். அவர் இரண்டு மாதத்தில் இறந்துவிட்டார், ஆனால் அதற்குச் சிறுநீரகம் காரணம் என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை என்று மருத்துவமனை சொன்னது.

அவரைவிட என் மனதில் நிற்பது டவானா லூனி. 1999-ல் தன் அம்மாவுக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்தவர். பிற்பாடு கர்ப்பகால ரத்த அழுத்தத்தில் மிச்சமிருந்த ஒன்றும் கெட்டு, வருடக்கணக்கில் டயாலிசிஸ், ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் அதிகமாக இருந்ததால் யாருடைய சிறுநீரகமும் பொருந்தவில்லை. 2024 நவம்பரில் நியூயார்க்கில் அவருக்குப் பன்றிச் சிறுநீரகம் வைத்தார்கள், 130 நாள் வேலை செய்தது. ஒரு தொற்றுக்காக மாத்திரைகளின் அளவைக் குறைக்க வேண்டியிருந்தது, உடம்பு சிறுநீரகத்தை நிராகரித்துவிட்டது, எடுத்துவிட்டார்கள். பழையபடி டயாலிசிஸ். 2025 ஜனவரியில் வைத்துக்கொண்ட டிம் ஆண்ட்ரூஸுக்கு 271 நாள் ஓடியது. நாள் கூடிக்கொண்டே வருகிறது, ஆனால் அக்கா கொடுத்தது மாதிரி வருடக்கணக்கில் ஓடும் என்று சொல்ல இன்னும் ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் மட்டும் உறுப்புக்காகக் காத்திருப்போர் ஒரு லட்சத்துக்கும் மேல், அந்த வரிசையை நினைத்தால் இவர்கள் முன்வந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

இவ்வளவும் ஆஸ்பத்திரிப் பேச்சாகிவிட்டது. மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு நட்சத்திரம் பார்த்த காலத்திலிருந்து நாம் பேசும் விஷயத்துக்கு வருகிறேன். வேறு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை யாராவது நிஜமாகவே படம் எடுத்திருக்கிறார்களா, இல்லை எல்லாம் ஓவியர் வரைந்ததா என்று உன் மகள் கேட்டாளாமே. நல்ல கேள்வி. இதுவரை உறுதியான வெளிக்கோள்கள் 6000-க்கும் மேல், அதில் நேரடியாகப் படம் எடுத்தவை நூறைக்கூடத் தொடவில்லை. மற்றவை நட்சத்திரம் லேசாக மங்குவதையோ ஆடுவதையோ வைத்துக் கண்டுபிடித்தவை. சூரியனைவிட பூமி கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஆயிரம் கோடி மடங்கு மங்கல், அதனால்தான் இவ்வளவு கஷ்டம். வெயிலில் கையை நெற்றிக்கு மேல் வைத்து சூரியனை மறைத்துக்கொண்டு பார்ப்போமே, அதே மாதிரி தொலைநோக்கிக்குள் நட்சத்திரத்தின் ஒளியை மட்டும் மறைக்கிற கரோனாகிராஃப் என்ற கருவி வைக்கிறார்கள்.

அவளுக்குக் காட்ட வேண்டியது எச்.ஆர். 8799. ஒரே நட்சத்திரத்தைச் சுற்றி நான்கு கோள்கள், பல வருடங்களாக எடுத்த படங்களைச் சேர்த்தால் அவை நகர்வதே தெரிகிறது. 2024-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எப்சிலான் இண்டி என்ற, 12 ஒளியாண்டு தள்ளியிருக்கும் நட்சத்திரத்தின் கோளை எடுத்த படம் வெளியானது. வியாழனைப் போல ஆறு மடங்கு நிறை, வெப்பநிலை கிட்டத்தட்ட உறைநிலை. எதிர்பார்த்த இடத்தில் அது இல்லை, எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்கு கனமாகவும் இருந்தது. 2025-ல் டி.டபிள்யூ.ஏ. 7 என்ற நட்சத்திரத்தின் பக்கத்தில் சனி அளவு நிறையுள்ள ஒன்றைப் பார்த்தார்கள், இதுவரை படத்தில் பிடித்ததிலேயே லேசானது.

ஃபோமல்ஹாட் என்ற நட்சத்திரத்தின் கதையையும் அவளுக்குச் சொல்லு. 2008-ல் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த படத்தில் கோள் என்று அறிவித்த புள்ளி, வருடங்கள் போகப் போகப் பரவி மங்கி, கடைசியில் காணாமலே போயிற்று. இரண்டு பனிப்பாறைகள் மோதிச் சிதறிய தூசி என்று 2020-ல் விளக்கினார்கள். நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரத் தொகுதியான ஆல்ஃபா சென்டாரியிலும் 2024 ஆகஸ்டில் வெப் ஒரு புள்ளியைப் பார்த்தது, 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் பார்த்தால் இல்லை. நட்சத்திரத்துக்கு நெருக்கமாகப் போய் மறைந்திருக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள், இன்னும் கோள் என்று உறுதி செய்யவில்லை, அப்படியே எழுதியும் இருக்கிறார்கள்.

நாசாவின் ரோமன் தொலைநோக்கியை 2027 மே மாதத்துக்குள் அனுப்புவதாகத் திட்டம். அதிலிருக்கும் கரோனாகிராஃப், வியாழன் மாதிரிக் குளிர்ந்த கோள்களை அவை பிரதிபலிக்கும் ஒளியிலேயே படம் எடுக்க முடியுமா என்று சோதித்துப் பார்க்கும். ஆல்ஃபா சென்டாரியைப் பற்றி அடுத்த செய்தி வந்த அன்றைக்கே அவள் பெயருக்குத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
தேன்மொழி