எவ்வளவுதான் பொறுத்துக்கொள்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கோடைச் சிறப்பிதழில் வந்த நீலகிரிக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் எல்லாம் அழகாக இருந்தன. கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு வரி: “சுற்றுலாதான் மலை மக்களுக்குச் சோறு போடுகிறது, இரண்டு மாத நெரிசலை அவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.” அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் மாமனார் காலத்திலிருந்து உங்கள் இதழ் எங்கள் வீட்டுக்கு வருகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. எங்களுக்குச் சோறு போடுவது அந்தப் பச்சைத் தேயிலைதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு கேரட்டும் பீட்ரூட்டும். சுற்றுலாவால் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. என் தங்கை மகனே டாக்சிதான் ஓட்டுகிறான். ஆனால் ஊட்டிக்குப் போகிற கார்கள் நிற்கிற அதே ரோட்டில்தான் எங்கள் இலை வண்டியும் ஃபேக்டரிக்குப் போக வேண்டும். மூட்டையில் கட்டிய இலை மூன்று நான்கு மணி நேரம் அசையாமல் நின்றால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும். அதை வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் விலையைக் குறைப்பார்கள். அந்த நஷ்டத்தையும் “கொஞ்சம்” என்கிற சொல்லுக்குள் உங்கள் கட்டுரையாளர் சேர்த்துவிட்டார் போலிருக்கிறது.

ஒரு மே மாதம் என் மாமியாருக்கு மூச்சுத் திணறல் வந்து கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். பர்லியாறு தாண்டுவதற்குள் ஆம்புலன்ஸ் இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. கொண்டை ஊசி வளைவிலேயே காரை ஓரங்கட்டிவிட்டுக் குரங்குக்கு சிப்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள், கூடவே குழந்தைகள். டிரைவர் இறங்கிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் வழி கிடைத்தது. அத்தை பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பத்து நிமிடம் அவர் என் கையைப் பிடித்திருந்த பிடி இன்னும் மறக்கவில்லை.

சரி, நெரிசலாவது இரண்டு மாதத்தில் போய்விடும். தண்ணீர்? எங்கள் வீட்டுக்குக் கீழே ஓர் ஊற்று இருந்தது. நான் கல்யாணமாகி வந்தபோது பங்குனியிலும் அதில் குடம் முங்கும். மேலே சோலையும் புல்வெளியும், அடியில் சதுப்பும் இருந்தன. மழைத் தண்ணீரைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொண்டு, வெயில் காலத்தில் சொட்டுச் சொட்டாக விடுவது அவைதான். உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தச் சதுப்பில்தான் மண்ணைக் கொட்டி மேடாக்கி ஒரு தங்கும் விடுதி கட்டினார்கள். இந்த மாவட்டத்தில் பொக்லைன் ஓட்ட அனுமதி வாங்க வேண்டும். அதனால் ராத்திரியில் ஓட்டினார்கள். இரண்டு முறை மனுக் கொடுத்தோம். வந்து பார்த்தார்கள், போனார்கள். இன்று விடுதிக்குத் தினமும் லாரியில் தண்ணீர் வருகிறது. எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஊற்று இருந்த இடத்தில் மாசி மாதமே ஈர மண்தான் இருக்கிறது.

சரிவைச் செங்குத்தாக வெட்டி, ஓடையை அடைத்து, அதன்மேல் காங்கிரீட் போட்டால் அடுத்த பெருமழை என்ன செய்யும் என்பதை நாங்கள் 2009 நவம்பரில் பார்த்தோம். இந்த மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். எங்கள் வரிசையில் மூன்று வீடு தள்ளி ஒரு சுவர் ராத்திரியில் சரிந்தது. மண் விழுகிற சத்தம் கேட்கவில்லை, பசுமாடு கத்தின சத்தம்தான் கேட்டது. 2019 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2024 ஜூலையில் பக்கத்திலேயே வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. ஒவ்வொரு முறையும் நீங்களும் முதல் பக்கத்தில் போட்டீர்கள். மூன்று மாதம் கழித்து அதே இதழில் ‘மேகத்துக்குள் ஒரு சொகுசு அறை’ மாதிரி விளம்பரமும் வந்தது. விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடக்காது என்பது எனக்கும் புரியும். ஆனாலும் வலிக்கிறது.

வெளியூர் வண்டிகள் மலைக்கு வருமுன் இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸை உங்கள் கட்டுரையாளர் “கெடுபிடி” என்று எழுதியிருக்கிறார். சென்னை உயர் நீதிமன்றம் சொல்லித்தான் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். இந்த மலைகள் எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பைச் சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் கொடுத்தார்கள். இந்தக் கேள்வியை நாங்கள் இருபது வருடமாகக் கேட்டோம், காதில் வாங்க ஆளில்லை. இப்போது நீதிமன்றமே கேட்கும்போது அதைக் கெடுபிடி என்று சொல்லலாமா? ஒரு நாளைக்கு 8,000 வண்டி என்பதே எங்கள் ரோட்டுக்கு எவ்வளவு என்று ஒரு முறை வந்து நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டுப்பாடு பலன் தரும் என்பதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. டாஸ்மாக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற ஏற்பாடு 2022-ல் நீலகிரியில்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் தேயிலைக்குள் வெறுங்காலோடு இறங்க முடியாது. ஒரு காட்டெருமை முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து எங்கள் வேலியோரம் இரண்டு நாள் நின்றது. குளம்புக்கு நடுவில் பச்சைக் கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றிச் சீழ். பக்கத்தில் போக முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது. இப்போது பாட்டில் வெகுவாகக் குறைந்திருக்கிறது. மசினகுடியில் 2021-ல் ஒரு யானைமேல் எரியும் டயரை எறிந்தார்களே, சீகூர் யானை வழித்தடத்து விடுதிகளைக் காலி செய்ய உயர் நீதிமன்றம் 2011-ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2020-ல் உறுதி செய்ததே, அதெல்லாம் உங்கள் இதழில் படித்துத்தான் எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த வரி உங்களிடமிருந்து வந்தது தாங்கவில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையோடு ‘யாரும் அறியாத அருவி’ என்று ஒரு படமும் போட்டு, எந்தத் தோட்டத்து வழியாக இறங்க வேண்டும் என்று வழியும் சொல்லியிருக்கிறீர்கள். ஐயா, அது யாரும் அறியாத அருவி அல்ல. கீழே இரண்டு ஊருக்கு அதுதான் குடிதண்ணீர். இதழ் வந்த அடுத்த சனிக்கிழமையே ஏழு கார்கள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை மாலை நானும் இன்னும் மூன்று பெண்களும் இறங்கிப் பார்த்தோம். ஷாம்பு பாக்கெட்டுகள், பிரியாணி வந்த வெள்ளை டப்பாக்கள், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. தொட்டிக்கு நீர் போகிற குழாயின் வாயில் ஒரு டயப்பர் அடைத்துக்கொண்டிருந்தது. அதை நான்தான் கையால் எடுத்தேன்.

அந்த வழிக்குறிப்பையும் படத்தையும் உங்கள் இணையப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். சீசன் முடியும்வரை வாரம் ஒரு முறை, உள்ளங்கை அளவு கட்டம் போதும்: இ-பாஸ் எடுக்காமல் கிளம்பாதீர்கள், ஒரு லிட்டர் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களுக்கு இங்கே தடை, குடிதண்ணீர் இயந்திரங்கள் இருக்கின்றன, ஆம்புலன்ஸ் வந்தால் வளைவில் நிற்காதீர்கள். இடமில்லை என்றால் அருவியின் வழிக்குறிப்பையும் படத்தையும் எடுப்பதை மட்டுமாவது இந்தச் சனிக்கிழமைக்குள் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
நீலகிரி மாவட்டம்