வெயிலில் வளர்ந்தவனுக்கா இந்தக் குறை?

சுங்கை சிப்புட்

அன்புள்ள முனியாண்டி,

நலம்தானே? பேத்திக்குப் பல் முளைத்த சேதி கிடைத்தது, சந்தோஷம். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன், தாளில்தான் ஒரு குறை வந்திருக்கிறது.

போன வாரம் மகள் பிடிவாதமாக ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சரி. வைட்டமின் டி மட்டும் மில்லிலிட்டருக்கு 18 நானோகிராம். பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் 'குறைவு'. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருஷம் பூராவும் வெயில் கொளுத்துகிற ஊரில், ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவனுக்கா இது?

அப்புறம் யோசித்தேன். நாம் எங்கேடா வெயிலில் இருந்தோம்? அம்மா விடியுமுன்னே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போவார். முழுக்கைச் சட்டை, தலையையும் முகத்தையும் சுற்றித் துணி, மேலே மரநிழல். கண் மட்டும்தான் வெளியே தெரியும். நானோ முப்பது வருஷம் கையுறைத் தொழிற்சாலையில் குழல்விளக்கைத்தான் பார்த்தேன். இந்தச் சத்து புற ஊதா கதிர் தோலில் பட்டால்தான் ஊறும். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். நம் கறுப்புத் தோலுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். மலேசிய ஆய்வுகளிலும் பெண்களுக்கும் இந்தியர்களுக்கும்தான் அளவு குறைவாக வருகிறதாம். காலை ஏழு மணிக்கு நான் நடக்கிறேனே, அதுவும் வீண்தான். நிழல் நம்மைவிடக் குட்டையாக விழுகிற நேரத்து வெயில்தான் வேலை செய்யுமாம். வாசலில் நின்று பார்த்தேன். என் நிழல் பக்கத்து வீட்டு வேலி வரை நீண்டு கிடந்தது.

ஆனால் 'குறைவு' என்ற அந்த எல்லைக்கோட்டை யார் போட்டார்கள் என்று தேடியபோதுதான் கதை சுவாரசியமானது. அமெரிக்க மருத்துவ நிபுணர் குழு ஒன்று 2010-இல், ஏறக்குறைய எல்லாருக்கும் 20 போதும், பாதிப் பேருக்கு 16-ஏ போதும் என்றது. அடுத்த வருஷமே அங்குள்ள ஹார்மோன் மருத்துவர் சங்கம் 30 வேண்டும் என்றது. கோட்டை அப்படி மேலே தூக்கினால், நேற்றுவரை நன்றாக இருந்த ஊரில் பாதி இன்று குறையுள்ள ஊராகிவிடாதா? 2024-இல் அதே சங்கம் 30 என்ற கணக்கைக் கைவிட்டது. வேறு காரணம் இல்லாத, நலமாக இருக்கிற பெரியவர்களுக்கு வழக்கமாக இந்தச் சோதனையே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. நான் காசு கட்டிச் சோதித்தது அதற்குப் பிறகு!

கிளினிக்கில் மூன்று மாதத்துக்கு மாத்திரை எடுத்து வைத்தார்கள். தினம் 1000 யூனிட். மகள் முகத்துக்காக வாங்கிக்கொண்டேன், விழுங்கவும் செய்கிறேன். நல்லதுதானே என்று அளவுக்கு மேலே போகமாட்டேன். அது கொழுப்பில் தங்குகிற சத்து. மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். பதினோரு மணிக்குத் துணி காயப்போடுகிற வேலையும் இப்போது என்னுடையது. வீட்டுக்காரிக்கு அதில்தான் பரம திருப்தி.

என் கதை கிடக்கட்டும். போன தீபாவளிக்கு முன்னால் தங்கச்சி சும்மா வழுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்ததே, அவருக்கு இதைப் பார்த்தீர்களா? எலும்புக்கு வேண்டிய சத்தல்லவா இது? அவர் விஷயம் வேறு, அங்கே சோதிப்பதில் பொருள் இருக்கிறது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
சுப்பையா