பொருள்: ஓணான் மாதிரிகளின் டிஎன்ஏ வரிசை மாறி வந்தது – இலவச மறுபரிசோதனை கோரி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் எடுத்த சாலியா என்ற பேரினத்து ஓணான்களின் வால்நுனிகளை, இனங்களை ஒப்பிட உதவும் என்டி2 என்ற மரபணுவின் வரிசையைப் படித்துத் தர உங்களிடம் அனுப்பியிருந்தேன். போன், மெயில், டிக்கெட் எண் என்று அலைந்து ஓய்ந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஊட்டி மாதிரி ஒன்றை ஒரு முனையிலிருந்து படித்த ஃபார்வேர்டு கோப்பு சாலியாவோடு பொருந்துகிறது. அதே மாதிரியை மறுமுனையிலிருந்து படித்த ரிவர்ஸ் கோப்பு, ஒப்பீட்டுக்காக அதே பெட்டியில் அனுப்பிய பாறை ஓணானோடு பொருந்துகிறது. ஒரே வால்நுனியில் இரண்டு பேரினமா? இரு பக்கமிருந்தும் படித்தால் நடுவில் சில நூறு எழுத்துகள் ஒத்துப்போக வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? கொடைக்கானல் கோப்புகளில் ஒரே இடத்தில் இரண்டு முகடுகள், அதாவது இரண்டு டிஎன்ஏ கலந்திருக்கலாம். அதற்கும் 'தரம்: தேர்ச்சி' என்று போட்டிருக்கிறீர்கள்!

உங்கள் ஊழியர் போனில் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது: "ஓணான்தானே மேடம், இன்னொண்ணு புடிச்சு அனுப்புங்க." வனத்துறை அனுமதி வாங்குவது எவ்வளவு பெரிய பாடு என்று அவருக்குத் தெரியுமா? சோலை ஓரம் மழையில் நின்று பிடித்து, வால்நுனியை மட்டும் நறுக்கி, அதே கிளையில் திரும்ப விட்டு வந்த உயிர் அது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி, தெற்கே பழனிமலை. இரண்டிலும் வாழும் சாலியா ஹார்ஸ்ஃபீல்டி என்ற இனம் ஒரே மரபுக் கிளைதானா, கணவாய் பிரித்துவிட்டதா என்பதே என் ஆய்வு. வெகுகாலம் கலோட்டஸ் பேரினத்தில் இருந்த ரூக்ஸி, எலியட்டி என்ற ஓணான் இனங்களை 2018-ல் மோனிலெசாரஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். மரபணு வரிசையை நம்பி எடுக்கும் முடிவுகள் இவை. இங்கே மாதிரிக் குழாய் மாறினால், இனங்களின் உறவைக் காட்டும் மரம் முழுக்கத் தப்பாகிவிடும். என் முனைவர் பட்டமே பாழ்.

நேரில் கேட்கலாம் என்று இரவு பஸ் பிடித்து உங்கள் சென்னைக் கிளைக்கும் வந்தேன். "டெக்னிக்கல் டீம் இங்கே இல்லை, மெயில் போடுங்க" என்று ரிசப்ஷனிலேயே அனுப்பிவிட்டார்கள். அந்த மெயிலுக்கும் பதில் இல்லை. அப்புறம் பில் மட்டும் நேரத்துக்கு வந்தது!

உங்கள் ஆய்வகத்தில் திறமையானவர்கள் இருக்கிறார்கள் என்று நம்புகிறேன். தயவுசெய்து பரிசோதனைத் தட்டின் எந்தக் குழியில் எந்த மாதிரி வைத்தீர்கள் என்ற பட்டியலைத் தாருங்கள். மிச்ச டிஎன்ஏவிலிருந்து செலவில்லாமல் மறுபடி ஓட்டுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன், பல்கலைக்கழகத்துக்கும் எழுதுவேன். அதுவரை மிச்ச டிஎன்ஏவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவி, விலங்கியல் துறை