‘தய்யேனு’ என்றால் என்ன, சித்தி?

அன்புள்ள சித்திக்கு,

நான் அனுப்பிய யூதப் பண்டிகைப் பாட்டைக் கேட்டுவிட்டு, “தய்யேனு, தய்யேனுன்னு திரும்பத் திரும்ப வருதே, என்னடா அது?” என்று கேட்டீர்கள். போனில் அவசரமாக ஏதோ சொல்லி வைத்தேன். மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

எபிரேயத்தில் ‘தய்’ என்றால் போதும். தய்யேனு என்றால் ‘நமக்கு அதுவே போதும்’. எகிப்தில் அடிமையாய்க் கிடந்த முன்னோர் விடுதலையான கதையைப் பெசாக் பண்டிகையின் முதல் ராத்திரி வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சொல்வார்கள். “இந்த ராத்திரி மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?” என்று வீட்டின் கடைக்குட்டி பாட்டாகவே கேட்கும். பதிலாக விரியும் கதையின் நடுவில்தான் தய்யேனு வருகிறது. கடவுள் செய்த 15 நன்மைகளை அது ஒவ்வொன்றாக எண்ணுகிறது.

“கடலைப் பிளந்து, உலர்ந்த தரையில் நம்மை நடத்திப் போகாமல் விட்டிருந்தாலும் அதுவே போதும்” என்று ஓர் அடி. எப்படிப் போதும்? பின்னால் எகிப்து மன்னன் பார்வோனின் படை துரத்தி வருகிறதே! எனக்கும் முதலில் இது இடித்தது. அப்புறம் இன்னோர் அடியைக் கேட்டேன்: “சீனாய் மலைக்கு அழைத்து வந்து, தோராவைத் தராமல் விட்டிருந்தாலும் அதுவே போதும்.” வேதம் கிடைக்காவிட்டாலும், எல்லோரும் ஒன்றாக மலையடிவாரத்தில் நின்றோமே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும் என்கிறார்கள். மிச்சம் வேண்டாம் என்பதல்ல இந்தப் ‘போதும்’. அடுத்தது வருமோ வராதோ, கையில் வந்ததற்கு அப்போதே நன்றி சொல்லிவிடுவது. எனக்கு அப்படித்தான் புரிகிறது.

ஈரான், ஆப்கானிஸ்தான் யூதர்கள் இந்தப் பாட்டு வந்ததும் வெங்காயத்தாளைக் கையில் எடுத்து, ஒருவரையொருவர் செல்லமாக அடித்துக்கொள்வார்கள். எகிப்தியக் கங்காணிகளின் சாட்டையாம் அது! பேரப்பிள்ளை தாத்தாவையே அடிக்கலாம். அடிமைப்பட்ட வலியைக் குழந்தைகளுக்குச் சொல்லித்தர இதைவிட மென்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, சித்தி. தய்யேனுவுக்குச் சற்று முன்னால், அடிமைகளை விடுவிக்கக் கடவுள் எகிப்தின்மேல் அனுப்பிய 10 வாதைகளின், அதாவது கொடிய துன்பங்களின், பெயர்களைச் சொல்லச் சொல்ல, பெயருக்கு ஒரு துளியாகத் திராட்சை ரசத்தை விரலால் தொட்டுத் தட்டின் ஓரத்தில் வைப்பார்கள். அடிமைப்படுத்தியவர்களே ஆனாலும் செத்தவர்களும் மனிதர்கள்தானே, நம் கிண்ணம் நிறைந்திருக்கக் கூடாது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அப்படிக் குறைந்த கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் ‘போதும்’ என்று பாடுகிறார்கள்.

இதை மனதில் வைத்து இன்னொரு தடவை கேளுங்கள். கைதட்டல் தொடங்கும் இடத்தில் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள், நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் பிள்ளை