ஆனெகுந்தியில் ஒரு மண்வீடு

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருச்சியிலேயே வேலை அமைந்ததில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய ஆறுதல். சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். சரஸ்வதி பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். "முதலில் ஹம்பி, அப்புறம்தான் மற்றதெல்லாம்" என்று ஓய்வு பெற்ற அன்றே சொல்லிவிட்டாள். அம்பது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் கல்தேரை வகுப்பில் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை காட்டியிருக்கிறாள், நேரில் பார்த்ததில்லை என்கிற குறை அவளுக்கு நெடுநாளாக உண்டு.

அதனால் போய் வந்தோம். தங்கியது ஹம்பியில் இல்லை. துங்கபத்திரைக்கு எதிர்க்கரையில், ஆனெகுந்தி என்கிற ஊரில். விஜயநகரம் எழும்புவதற்கு முன்பிருந்தே உள்ள ஊர். கோட்டை வாசலைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். இராமாயணக் கிஷ்கிந்தை இதுதான் என்று ஊரார் சொல்வார்கள். நடுவில் ரங்கநாதர் கோயில், அதன் முன்னே தேர், பக்கத்தில் ககன் மஹால் என்கிற பழைய அரண்மனைக் கட்டடம். அதைச் சுற்றி நாலைந்து தெரு, அதையும் தாண்டினால் வயலும் வாழைத்தோட்டமும். அப்படியொரு தெருவில் பழைய மண்வீடு ஒன்றைப் பழுதுபார்த்து, வந்து போகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அந்த வீட்டைப் பற்றித்தான் உனக்கு விரிவாக எழுதவேண்டும். காரணம் பிறகு சொல்கிறேன்.

தெருவை ஒட்டிக் கல் பாவிய திண்ணை. நம் பக்கத்துத் திண்ணையைவிட உயரம் கூடுதல், உட்கார்ந்தால் கால் தரையில் படாது. உள்ளே போனால் கூடம், வேப்பமரத் தூண்கள், ஒரு பக்கம் சமையலறை, மறுபக்கம் எங்களுக்குக் கொடுத்த அறை. சுவரின் கனம் ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். ஜன்னல் சின்னது. மத்தியானம் பாறையெல்லாம் அனல் கக்கும் ஊர் அது, ஆனால் அந்த அறைக்குள் மின்விசிறியைப் போடாமலே படுத்துத் தூங்கினோம். வெளிச்சத்துக்காகக் கூரையில் ஒரு துவாரம் விட்டு, மேலே கண்ணாடி பதித்திருக்கிறார்கள். பத்து மணி வாக்கில் அதிலிருந்து ஒரு கற்றை வெயில் கூடத்தில் இறங்கி, மெதுவாக நகர்ந்து அடுப்பங்கரை வாசல் வரை போகும். அந்த வீட்டம்மா அதைப் பார்த்துத்தான் உலை வைக்கிறார். கடிகாரம் சுவரில் இருக்கிறது, அதை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கூரைதான் எனக்குப் பெரிய பாடம். அது தட்டையான மண்கூரை. மர உத்தரம், குறுக்கே சட்டங்கள், அதன்மேல் குச்சியும் தழையும், அதற்கும் மேலே மண். மழை பெய்தால் ஒழுகாதா என்று கேட்டேன். வீட்டுக்காரர் ஏணி வைத்து என்னை மேலே கூட்டிப்போனார். மேலே போட்டிருப்பது உவர்மண். வெயிலில் வெடிப்பு விட்டாலும், முதல் தூறலிலேயே இளகி வெடிப்பை அடைத்துக்கொள்ளுமாம். மழைக்காலத்துக்கு முன்னால் வருஷா வருஷம் புது மண் கொட்டிப் பரப்பித் தட்டிவிட வேண்டும். ஒரு வருஷம் விட்டால் ஒழுகும், இரண்டு வருஷம் விட்டால் உத்தரம் இற்றுவிடும். அவருடைய தாத்தா காலத்து உத்தரம் இன்னும் அப்படியே இருக்கிறது. தாத்தா செய்ததை அப்பா செய்தார், அப்பா செய்ததை இவர் செய்கிறார், அவ்வளவுதான்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் சரஸ்வதி கோபித்துக்கொள்வாள். காலையில் பொரியை நனைத்துப் பிழிந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொடுத்தார்கள், தொட்டுக்கொள்ள மிளகாய் பஜ்ஜி. மத்தியானம் சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், நிலக்கடலைப் பொடி, தயிர். சோள மாவில் பசை கிடையாது, கொதிக்கிற தண்ணீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சுழற்றியே வட்டமாக்குகிறார்கள். சரஸ்வதி உட்கார்ந்து கற்றுக்கொள்ளப் பார்த்தாள். விளிம்பு வெடிக்காமல் ஒன்று வந்ததும் வீட்டம்மா கை தட்டினார். கன்னடம் இவளுக்குத் தெரியாது, தமிழ் அவருக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அங்கிருந்து தினமும் பரிசலில் ஆற்றைக் கடந்து அக்கரை போனோம். மூங்கில் பின்னல், அடியில் தார் பூசிய பிளாஸ்டிக் உறை. 1520 வாக்கில் இங்கே வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பாயஸ் இதே பரிசலைப் பற்றி எழுதியிருக்கிறார். அன்று வெளியே தோல் உறை, ஆட்களோடு மாடும் குதிரையும்கூட ஏற்றுவார்களாம். மேலே ஹொசபேட்டையில் துங்கபத்திரை அணை இருக்கிறது. மழை நாளில் அங்கே மதகைத் திறந்தால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், கரையோரம் இருக்கும் புரந்தரதாசர் மண்டபமும் மூழ்கிவிடும். நாங்கள் போனபோது தண்ணீர் தெளிந்து நிதானமாக ஓடியது.

விட்டலர் கோயிலில் கல்தேரைப் பார்த்து சரஸ்வதி வெகுநேரம் பேசவே இல்லை. இசைத் தூண்களைத் தட்ட இப்போது அனுமதி இல்லை, அது நியாயம்தான். இந்த இடத்தின் பரப்பை மனதில் வாங்கவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. யுனெஸ்கோ கணக்கில் 41 சதுர கிலோமீட்டருக்கு மேல், 1,600க்கும் அதிகமான கட்டட எச்சங்கள். பாறைக்குப் பின்னால் கோயில், கோயிலுக்குப் பின்னால் கடைத்தெரு, அதற்குப் பின்னால் குளம். 1336இல் தொடங்கி 1565 தலைக்கோட்டைப் போரோடு முடிந்த தலைநகரம்.

நீ கிருஷ்ணர் கோயிலைக் கட்டாயம் பார்க்கவேண்டும். கிருஷ்ணதேவராயர் உதயகிரியை வென்று அங்கிருந்து கொண்டுவந்த பாலகிருஷ்ணனுக்காக 1515இல் எழுப்பிய கோயில். இன்று கருவறை காலி. அந்தச் சிலை சென்னையில், நாம் கல்லூரி நாட்களில் மழைக்கு ஒதுங்கிச் சுற்றித் திரிந்தோமே, அந்த எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. அந்த வெறும் பீடத்துக்கு முன்னால் நின்றபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. சிலை பத்திரமாக இருக்கிறது, வாஸ்தவம். ஆனாலும் அதற்கென்று கட்டிய இடத்தில் அது இல்லை.

அரண்மனைப் பகுதிக்குப் போனோம். அங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. மகாநவமி மேடை இருக்கிறது, படிக்கிணறு இருக்கிறது, அரண்மனை இல்லை. கல் அடித்தளம் மட்டும் வரிசை வரிசையாகக் கிடக்கிறது. அதன்மேல் நின்றதெல்லாம் மரமும் செங்கல்லும் சுண்ணாம்பும். எரித்தது எரிந்தது, மிச்சத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. உலகமே வியந்த ராஜாவின் வீடு போய்விட்டது. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு விவசாயியின் மண்வீடு, மூன்று தலைமுறையாக மண் கொட்டி மெழுகிய வீடு, அதன் கூரை இன்றும் ஒழுகவில்லை. அன்று ராத்திரி கூடத்தில் படுத்தபடி இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு எதைப் பார்த்தாலும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். விரூபாட்சர் கோயிலில் இன்றும் மூன்று வேளை பூஜை நடக்கிறது. 1510இல் தன் முடிசூட்டலை ஒட்டிக் கிருஷ்ணதேவராயர் கட்டிய ரங்க மண்டபத்தின் கீழே யாரோ ஒரு குடும்பம் குழந்தைக்கு மொட்டையடித்து உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் ஓர் இருட்டறை. சின்னத் துளை வழியே ராஜகோபுரத்தின் நிழல் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழுகிறது. விஜயநகரத்து ராஜாக்கள் வெட்டிய வாய்க்கால்களில் பலவற்றில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது. நான் பார்த்த ஒரு வாய்க்காலில் ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று செடிகொடியை அறுத்து வெளியே வீசிக்கொண்டிருந்தார். சுற்றி உள்ள நெல்லும் வாழையும் அந்தத் தண்ணீரில் விளைகிறவைதான்.

ஆனெகுந்திக்குப் பக்கத்தில் ஆற்றுத் திட்டில் நவபிருந்தாவனம் இருக்கிறது, மத்வ மடத்து மகான்கள் ஒன்பது பேரின் சமாதி. 2019 ஜூலையில் புதையல் இருக்கும் என்று நினைத்து யாரோ அவர்களில் ஒருவரான வியாசராஜரின் பிருந்தாவனத்தை, அதாவது சமாதியை, ராத்திரியோடு ராத்திரியாக உடைத்துப் போட்டார்கள். செய்தி பரவியதும் பக்தர்கள் திரண்டு வந்து, சிதறிக் கிடந்த கற்களைச் சேர்த்து உடனடியாகத் திரும்ப நிறுத்திவிட்டார்கள். பரிசல்காரர் அதை எனக்குச் சொன்னபோது அவர் குரல் இறங்கிவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனம் ஆறவில்லை. விரூபாட்சர் கோயிலுக்கு எதிரே நீளும் கடைத்தெருவின் பழைய மண்டபங்களில் ஜனங்கள் குடியிருந்தார்கள், கடை வைத்திருந்தார்கள். 2011 ஜூலையில் அவர்களை வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள். மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பியது தவறுதான், சிமெண்டும் இரும்பும் அந்தக் கல்லைக் கெடுக்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விஜயநகரக் காலத்திலும் அது ஜனங்கள் வாங்கி விற்ற தெருதானே! ஆட்களை அப்புறப்படுத்திவிட்டுக் காலித் தூண்களைக் காப்பாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆற்றுக்கு ஆனெகுந்திப் பக்கம் இருக்கும் விருபாபுர கட்டியிலும், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 2020இல் தங்கும் விடுதிகளை இடித்துவிட்டார்கள். அங்கே புதிது புதிதாகக் கட்டிக்கொண்டே போனார்கள், அதற்காக நான் வாதாட மாட்டேன். ஆனெகுந்திக்காரர்கள் புதிதாக எதுவும் கட்டவில்லை. இருந்த வீட்டைச் செப்பனிட்டு, கொல்லைப்புறத்தில் ஒரு கழிப்பறை, குளியலறை வைத்து, தாங்களும் அதே வீட்டில் இருந்துகொண்டு விருந்தாளிக்கு ஓர் அறை கொடுக்கிறார்கள். ஊர்ப் பெண்கள் வாழைநாரில் பையும் தொப்பியும் பின்னி விற்கிறார்கள். பழைய இடத்துக்குப் பக்கத்தில் வாழ்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

இப்போது உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டுவீட்டை இடித்துவிட்டு இரண்டு மாடி கட்டி, கங்கைகொண்ட சோழபுரம் பார்க்க வருகிறவர்களுக்கு லாட்ஜ் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். வருஷா வருஷம் ஓடு மாற்றிக் கட்டுப்படியாகவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். உன் சிரமம் எனக்குத் தெரியும். இந்தக் காலத்தில் ஓடு மாற்ற ஆள் கிடைப்பதே கஷ்டம். இருந்தாலும் உன் சிநேகிதனாகச் சொல்கிறேன், இடிக்காதே. வருகிறவர்களுக்கு இடம் கொடுக்க நினைத்தது நல்ல யோசனை. அதை அந்த வீட்டிலேயே செய்.

உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாளிகைமேடு இருக்கிறது. ராஜேந்திர சோழனின் அரண்மனையைத் தோண்டியபோது செங்கல் சுவரோடு கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் நிறையக் கிடைத்தன. சோழன் வீட்டுக் கூரைக்கும் ஓடுதான், மாணிக்கம். பெரிய கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் 1836 வாக்கில் பிரித்து அந்தக் கல்லைக் கீழணை கட்டக் கொண்டுபோன கதையை, நாம் அணைக்கரைப் பாலத்தில் நின்றபோது நீதான் எனக்குச் சொன்னாய். எவ்வளவு ஆத்திரத்தோடு சொன்னாய்! உன் தாத்தா தேக்கு வாங்கி இழைத்த தூணும், ரெட்டைத் திண்ணையும், முற்றமும் அந்த ஊரில் இன்னும் எத்தனை வீட்டில் மிச்சம்?

செலவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். முதலில் கூரை. சட்டம் இற்றுப்போன இடத்தை மட்டும் மாற்றி, உடையாத ஓட்டையெல்லாம் கழுவித் திரும்பப் போடலாம், குறைகிற ஓட்டுக்குப் பக்கத்து ஊர்களில் இடிபடும் வீடுகளில் விசாரி. தெருப்பக்க அறைகள் இரண்டையும் விருந்தாளிக்கு ஒதுக்கு. மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் கழிப்பறை கட்டு, வீட்டுச் சுவரைத் தொடாமல். சமையல் உங்கள் வீட்டுச் சமையலே போதும். அம்மா கைப்பக்குவத்து வத்தக்குழம்பையும் சுட்ட அப்பளத்தையும் சாப்பிட்டவன் நான். முதல் வருஷத்துக் கூரைச் செலவில் பாதியை நான் தருகிறேன், திருப்பிக் கேட்க மாட்டேன். சரஸ்வதியிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முடிவெடுக்கும் முன் ஆனெகுந்தி வீட்டை ஒரு தடவை நேரில் பார்த்துவிடு. கார்த்திகை, மார்கழியில் போனால் வெயில் தாங்கும். பெங்களூரில் ராத்திரி ஹம்பி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஹொசபேட்டை. ஹம்பி உற்சவ நாட்களை மட்டும் தவிர்த்துவிடு, அறை கிடைக்காது. அம்மாவும் வருவதானால் அஞ்சனாத்ரி மலை வேண்டாம், படி 575. பரிசலும் அவர்களுக்குச் சரிப்படாது, புக்கசாகரம் பாலம் வழியாகக் காரில் சுற்றிப் போய்விடலாம். விட்டலர் கோயிலுக்கு பேட்டரி வண்டி ஓடுகிறது, விரூபாட்சர் கோயிலில் ஏறி இறங்கும் வேலை அதிகம் இல்லை. தேதியை மட்டும் எழுது. நாங்கள் கோவையிலிருந்து கிளம்பி பெங்களூரில் உங்களோடு சேர்ந்துகொள்கிறோம்.

அன்புடன்,
ராமநாதன்