ஸ்டேன் சாமிக்குத் துணை நின்றவர்களுக்கு

மும்பை பக்கத்துத் தலோஜா சிறையில் அருட்தந்தை ஸ்டேன் சாமியோடு இருந்த அந்த இரண்டு கைதிகளுக்குத்தான் என் முதல் நன்றி. உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. இரவுச் சாப்பாட்டுக்கு உதவியது, துணி துவைத்துக் கொடுத்தது, முழங்கால் மூட்டைப் பிடித்துவிட்டது எல்லாம் நீங்கள்தான் என்று அவர் கடிதத்தில் எழுதியிருந்தார். ரொம்ப ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், இவர்களையும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்டிருந்தார். அவரோடு ஒரே வழக்கில் உள்ளே இருந்து, காலையிலும் மதியத்திலும் சாப்பிட உதவிய அருண் ஃபெரேரா, குளிக்க உதவிய வெர்னன் கோன்சால்வஸ், உங்களுக்கும் நன்றி.

அப்போது அவருக்கு 83 வயது. பார்க்கின்சன் நோய், காதும் சரியாகக் கேட்காது, கை நடுக்கத்தில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் ஒரு ஸ்ட்ராவுக்கும், உறிஞ்சிக் குடிக்கும் சிப்பர் குவளைக்கும் நீதிமன்றத்தில் மனுப் போட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார். அதைக் கேட்டு மனசு பொறுக்காமல் சிறை முகவரிக்கே சிப்பர் வாங்கி அனுப்பினீர்களே, முன்பின் பார்த்திராத நீங்கள் எல்லோரும், நன்றாக இருங்கள்.

திருச்சிப் பக்கம் விரகாலூரில் 1937-இல் பிறந்து, இயேசு சபையில் சேர்ந்து, ஜார்க்கண்டே கதியென்று இருந்தவர். சுரங்கத்துக்கும் கம்பெனிக்கும் நிலம் பறிபோகும் ஆதிவாசிகளோடு நின்றார். நக்சல் என்று முத்திரை குத்தி உள்ளே தள்ளப்பட்டு, விசாரணையே நடக்காமல் கிடந்த இளைஞர்களுக்காக உயர் நீதிமன்றம் வரை போனார். கடைசியில் அவரும் அதே விசாரணைக் கைதியாகத்தான் போய்ச் சேர்ந்தார், இதை எப்படி ஆற்றிக்கொள்வது? மகாராஷ்டிராவில் 2018-இல் நடந்த கலவரத்தை ஒட்டிப் போடப்பட்ட பீமா கோரேகான் வழக்கில், 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் அவர் தங்கியிருந்த இயேசு சபை மையமான பகைச்சாவிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். குற்றச்சாட்டுகளை அவர் கடைசிவரை மறுத்தார். பகைச்சாவில் அவரைத் தங்கள் வீட்டுப் பெரியவராக வைத்திருந்த மக்களே, எங்கள் ஊர்க்காரரைப் பார்த்துக்கொண்டதற்கு உங்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

அப்புறம் பாந்திரா ஹோலி ஃபேமிலி மருத்துவமனையின் மருத்துவர்கள், செவிலியர்கள். 2021 மே கடைசியில் வந்தவரை ஜூலை 5 வரை கவனித்துக்கொண்டீர்கள். ஜாமீனுக்காக ஓயாமல் வாதாடிய மிகிர் தேசாய் ஐயா, அன்றைக்கும் அந்த மனு விசாரணையில்தான் இருந்தது, மருத்துவரே நீதிமன்றத்தில் மரணச் செய்தியைச் சொன்னார். நீங்கள் என்ன செய்திருக்க முடியும்.

இறந்த பிறகும் அவர் பெயர்மீதுள்ள களங்கத்தைத் துடைக்க வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போன ஃபாதர் ஃபிரேசர் மஸ்கரனாஸ், உங்களுக்குத் தனியாக நன்றி. எத்தனை வருடம் ஆனாலும் அந்த வழக்கை விட்டுவிடாதீர்கள், ஃபாதர்.