சூலகப் புற்றுநோய்: ஸ்கேன் அடிவயிற்றோடு நின்றுவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சூலகப் புற்றுநோய் பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை அடிவயிற்று ஸ்கேனோடு முடிந்துவிட்டது. இந்த நோய் கருப்பைக்குப் பக்கத்திலேயே அடங்கிக் கிடப்பதில்லை. வயிற்றறை நீரோடு மேலேறி, உதரவிதானத்தின் அடியிலும் ஈரல், மண்ணீரல் மேலுறைகளிலும் ஒட்டிக்கொள்ளும். இரத்தத்தின் வழியே போனால் மண்ணீரலுக்கு உள்ளேயே கட்டி விழும்.

சீ.டி. படத்தில் இரண்டையும் பிரித்தறியலாம். மேலுறையில் ஒட்டியது மண்ணீரலின் வழுவழுப்பான விளிம்பை வெளியிலிருந்து அமுக்கிக் குழியாக்கும். உள்ளே விழுந்தது, நாலா பக்கமும் மண்ணீரல் சூழ, கருத்த வட்டமாகத் தெரியும். நோயை முதலில் கண்டறியும்போது, ஃபீகோ எனும் சர்வதேச மகப்பேற்று, பெண்நோயியல் கூட்டமைப்பின் 2014 வகைப்பாட்டின்படி முன்னது மூன்று-சி நிலை, பின்னது நான்கு-பி நிலை. அறிக்கையில் "மண்ணீரலில் கட்டி" என்று மொட்டையாக எழுதினால் சத்திரசிகிச்சை நிபுணருக்கு அதனால் என்ன பயன்?

கொன்ட்ராஸ்ட் (உறுப்புகளைப் படத்தில் எடுத்துக்காட்டும் மருந்து) நரம்பில் ஏற்றிய பின் படமெடுக்கும் நேரம்தான் முக்கியம். சுமார் 30 செக்கனில் எடுத்தால் நோயில்லாத மண்ணீரல்கூடப் புலித்தோல் மாதிரி வரிவரியாக இருக்கும். இல்லாத கட்டியை எழுதிவிடலாம், இருக்கிற கட்டியை விட்டுவிடலாம். 70 செக்கன் பொறுத்தால் மண்ணீரல் ஒரே சீராக வெளுத்துவிடும். வெறும் இரைப்பையும் ஏமாற்றும். மடிந்து கிடந்து, மண்ணீரல் ஓரத்தில் கட்டி போலத் தெரியும். அதனால் ஸ்கேனுக்கு முன் முக்கால் லீற்றர் தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடிக்கக் கொடுப்பது நல்லது. படத்தில் வெள்ளையாகத் தெரியும் குடிமருந்தைக் கொடுத்தால் சுண்ணாம்பு படிந்த சிறு கட்டிகள் அதற்குள் மறைந்துவிடும்.

மண்ணீரலுக்குப் பக்கத்தில் ஒரு சென்ரிமீற்றர் அளவு உருண்டை தெரிந்ததும் பயப்படவும் வேண்டாம். பிறவியிலேயே துணை மண்ணீரல் உள்ளவர்கள் பலர். அது மண்ணீரலைப் போலவே வெளுக்கும். பழைய படத்திலும் அதே அளவில் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் கண்டிக்கோ பதுளைக்கோ வருகிறவர்கள் பெரும்பாலும் அறிக்கைத் தாளைத்தான் கொண்டுவருகிறார்கள்; படங்கள் பதிந்த தட்டு வீட்டு அலுமாரியில் இருக்கும்.

ஊரில் முதலில் செய்வது அல்ட்ரா சவுண்ட்தான். இடது மேல்வயிற்றை இரைப்பையிலும் குடலிலும் உள்ள வாயு மறைக்கும். ஆளை வலப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, விலா இடுக்கு வழியே பார்க்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்து ஒரு தடவை தடவிவிட்டு "மண்ணீரல் இயல்பு" என்று எழுதுவதை ஏற்க முடியாது.

தோட்ட வைத்திய உதவியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். துண்டில் "வயிற்று ஸ்கேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். சூலகப் புற்றுநோய், சத்திரசிகிச்சை நடந்த மாதம், சீ.ஏ. 125 (இந்த நோயைக் கண்காணிக்கும் இரத்தப் பரிசோதனை) முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, உதரவிதானமும் மண்ணீரலும் பார்க்கவும் என்று எழுதுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின் முடிவையும் இணையுங்கள். நீரிழிவுக்கு மெட்போர்மின் குடிப்பவரானால் அதையும் குறிப்பிடுங்கள். அந்த முடிவு இல்லாவிட்டால் கொன்ட்ராஸ்ட் ஏற்றத் தயங்குவார்கள். விடியமுன் பஸ் ஏறி வந்தவருக்கு அன்றைய பேரும் (நாட்சம்பளமும்) போய், ஸ்கேனும் இல்லாமல் போகும்.

இப்படிக்கு,
கதிர்ப்படப் பிரிவில் பணிபுரிவோர் சிலர்,
பதுளை.